பீர் கஞ்சி

நீலகிரிப் படகர் பேச்சில் பார்லிக்குக் கஞ்சி என்று பெயர். நாம் குடிக்கிற கஞ்சியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே அது தானியத்தின் பெயர். அதில் இரண்டு வகை சொல்வார்கள். ஒன்று அக்கி கஞ்சி. அக்கி என்றால் அரிசி. அரிசி மாதிரி சமைத்துச் சாப்பிடுகிற பார்லி அது. மற்றது பீர் கஞ்சி.

ஒரு தானியத்துக்கு அதைத் தின்கிறவன் பெயர் வைப்பதுதான் வழக்கம். இங்கே வாங்குகிறவனின் காரியம் பெயராகிவிட்டது. நிலத்தில் நின்றவர்களுக்கு அது மூட்டையாகக் கட்டி ஆலைக்கு அனுப்புகிற சரக்கு. நீலகிரியில் பீரின் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தால் இந்த இரண்டு சொற்களைத் தாண்டி வெகுதூரம் போக எனக்கு முடிவதில்லை. தமிழ்நாட்டில் பீருக்கு ஆலை உண்டு, வரி உண்டு, தடை உண்டு, கடை உண்டு. அதன் ருசியைப் பற்றி ஒரு பேச்சு மட்டும் இல்லை. ஏன் இல்லை?

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறினார். 1822-ல் ஊட்டியில் கல் பங்களா கட்ட ஆரம்பித்தார். அது இன்று அரசு கலைக் கல்லூரியின் பகுதி. உருளைக்கிழங்கையும் சீமைப் பழமரங்களையும் மலைக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைப் பாடப்புத்தகங்கள் கொண்டாடும். பார்லி அவருக்காகக் காத்திருக்கவில்லை. ராகி, சாமையோடு அதுவும் படகர் நிலத்தில் ஏற்கெனவே இருந்தது. வெள்ளைக்காரன் கொண்டுவந்தது அதற்கு ஒரு புதிய வாயை.

அந்த வாய் சிப்பாயுடையது. நீலகிரியின் முதல் பீர் ஆலை என்று சொல்லப்படும் காசில் புரூவரியின் ஆண்டு 1857. அதே ஆண்டு வடக்கே கலகம். ஆலை கலகத்தால் வந்ததல்ல. ஆனால் அது நிலைத்ததற்குக் கலகம் ஒரு காரணம். 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாயை நம்ப முடியாது என்று ஐரோப்பியச் சிப்பாய்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். குன்னூருக்குப் பக்கத்தில் ஜகதளாவில் எழுந்த பாரக்ஸ் 1860-ல் வெலிங்டன் ஆயிற்று. இந்த ஆட்களுக்குக் குடிக்க என்ன கொடுப்பது என்பது ராஜ்ய விவகாரம். சாராயம் குடித்த சிப்பாய் கல்லீரல் வீங்கிச் சாகிறான், அல்லது சார்ஜெண்டை அடிக்கிறான். பீர் குடித்தவன் தூங்கிப்போகிறான். ராணுவ வைத்தியர்களின் நீண்ட அறிக்கைகளைச் சுருக்கினால் இவ்வளவுதான். பர்ட்டனிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்த பீர் அதிகாரிகளின் மேஜைக்குச் சரி. பாரக்ஸ் முழுவதற்கும் அதை வாங்கிக் கட்டுப்படியாகாது. ஆகவே மலையிலேயே காய்ச்சினார்கள். கசௌலி, முர்ரே, நுவரெலியா எங்கும் இதே கதைதான். (முர்ரேயில் பீர் ஆலையைக் கவனித்த எட்வர்ட் டயரின் மகன்தான் 1919-ல் ஜாலியன்வாலா பாக்கில் சுடச்சொன்ன ஜெனரல். பீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் எனக்கு மறப்பதில்லை.)

மலை ஏன்? ஆங்கில ஏல் புளிக்க வேண்டிய சூடு பதினைந்திலிருந்து இருபது டிகிரி. அதற்கு மேல் போனால் ஈஸ்ட் தறிகெட்டு வேலை செய்யும். பழ நெடியும் தலைவலியும் மிஞ்சும். சென்னையில் எந்த மாதத்திலும் கிடைக்காத இந்தச் சூடு ஊட்டியில் 2,240 மீட்டர் உயரத்தில் சும்மா கிடைத்தது. தண்ணீரும் நல்ல தண்ணீர். நீலகிரியின் பாறை சார்னகைட். அதில் வடிந்து வருகிற நீர் மென்மையானது. பர்ட்டன் பீரின் கூரிய கசப்புக்குக் காரணம் அந்த ஊர்க் கிணறுகளின் ஜிப்சம். ஆகவே இதே கைகள், இதே முறை, இதே தானியம் என்று வைத்துக்கொண்டாலும் ஊட்டியில் பர்ட்டன் பீர் வந்திருக்க முடியாது. வேறொன்று வந்திருக்கும், மெத்தென்று, கசப்பு மழுங்கி. அது எப்படி இருந்தது என்று யாராவது ஒரு பக்கம் எழுதிவைத்திருந்தால் இந்தக் கட்டுரையின் பாதியை நான் எழுதவேண்டி இருக்காது.

ஹாப்ஸ் கதை இன்னும் வேடிக்கை. பீருக்குக் கசப்பும் வாசமும் தருகிற அந்தக் கொடிப்பூ, கோடையில் பதினைந்து மணி நேரப் பகல் கேட்கும். நீலகிரி பதினோராவது அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். குளிரைப் பார்த்து இங்கிலாந்து என்று ஏமாந்தவர்களைச் சூரியன் ஏமாற்றவில்லை. காஷ்மீரத்தில் ஹாப்ஸ் விளைந்தது. ஊட்டிக்குக் கப்பலில்தான் வரவேண்டும். தானியம் படகருடையது, தண்ணீர் மலையினுடையது, கசப்பு மட்டும் இறக்குமதி.

காய்ச்சிய பீர் பீப்பாய்களில் ஏறி மாட்டுவண்டியில் மலையிறங்கியது. மேட்டுப்பாளையத்துக்கு 1873-ல் ரயில் வந்தது. பல்சக்கர ரயில் குன்னூரைத் தொட்டது 1899-ல், ஊட்டியைத் தொட்டது 1908-ல். ஆனால் மலைக்கு ரயில் வந்து சேர்ந்தபோது பீருக்கு மலையே அவசியமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. 1870-களில் ஜெர்மனியில் லிண்டே செய்த குளிர்ப்பதன யந்திரம் உயரத்தை விலைக்கு வாங்கிவிட்டது. குளிரை எந்த ஊரிலும் உண்டாக்கலாம் என்றான பிறகு, தானியத்தை மேலே ஏற்றி பீப்பாயைக் கீழே இறக்குவது முட்டாள்தனம். 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காசிலோடு சேர்த்து ஐந்து ஆலைகளை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸ் என்று பெயரிட்டார். ஸ்தலம் பெங்களூர். அதன் பின் நீலகிரியில் பீர் கஞ்சி என்பது வாங்குவாரில்லாத ஒரு பெயர். உருளைக்கிழங்கு வந்தது, பிறகு தேயிலை வந்தது.

நுவரெலியாவில் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. சாமுவேல் பேக்கர் 1849-ல் அங்கே தொடங்கிவைத்த பீர்த்தொழில், கைமாறிக் கைமாறி, 1990-கள் வரை மலைமேலேயே இருந்தது. அதன் லயன் ஸ்டவுட் என்ற கறுத்த பீரை மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் (பாடகர் வேறு) ருசிபார்த்துப் புகழ்ந்து எழுதினார். உலகத்து பீர்களை ஊரும் வகையும் பிரித்து விவரித்து 1977-ல் புத்தகம் போட்டவர் அவர். ஒரு காலனி ஆலையின் மிச்சம், ஒரு ருசிகனின் வாக்கியத்தில் ஏறி உலகத்துக்குத் தெரிந்தது. நீலகிரிக்கு அப்படி ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

தமிழனுக்குத் தானியக் கள் தெரியாது, பனையும் தென்னையும்தான் தெரியும் என்று ஒரு அபிப்ராயம் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டினால் போதும். அரிசிக் களியைத் துழாவி, அகன்ற தட்டில் ஆற்றி, அதில் முளைத்தானியத்தை இடித்துக் கலந்து, வலுவான வாயுள்ள சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். தானியத்தை முளைக்கவிட்டு அதன் மாவை இனிப்பாக்குவதுதான் பீரின் ரகசியம். இதைப் பாடிய புலவனுக்கு அது ரகசியமாக இருக்கவில்லை. வீட்டில் கள் செய்வதை 'அடுதல்' என்றே அந்தப் பாட்டு சொல்லும். சோற்றுக்கும் கள்ளுக்கும் ஒரே வினை. பெயர்களையும் பாருங்கள். தெளிந்தது தேறல், மணத்தது நறவு, பிழிந்தது பிழி, அரித்தது அரியல். ஒவ்வொரு பெயரும் ஒரு மதிப்பீடு. சென்னையின் வடக்கே மீனவர் குப்பங்களில் சுண்டக்கஞ்சி என்று ஒன்று உண்டு. புளிக்கவைத்த சோற்றுப்பானம். பெரும்பாணனின் சாடியிலிருந்து அதுவரை ஒரு கோடு போடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அது ஒளிந்து குடிக்கிற பானம். ஒளிந்து குடிக்கிறவன் ருசியை விவரித்துக்கொண்டிருக்க மாட்டான்.

ஒளிவு எப்படி வந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த சரித்திரம். 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் ராஜதானி முழுவதும் பரவியது. 1971-ல் திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக், 2003-ல் சில்லறைக் கடைகளும் அதன் கையில். இந்தக் கணக்கில் குடி ஒரு பாவம், அல்லது வருமானம். மூன்றாவதாக ஒன்றாக இருக்க அதற்கு அனுமதி இல்லை. காந்தியவாதி குடிகாரனின் மனைவியைப் பார்த்தான். அது நியாயம், அதை நான் குறைசொல்ல வரவில்லை. அரசு கல்லாவைப் பார்த்தது. கோப்பைக்குள் பார்க்க ஆளில்லை. கம்பிக் கதவுக்கு இப்புறம் நின்று பீர் கேட்கிறவனுக்கு இரண்டு வார்த்தை போதும்: ஸ்ட்ராங்கா, கூலிங் இருக்கா. இரண்டும் ருசியைச் சொல்கிற வார்த்தைகள் இல்லை. முதலாவது போதையின் அளவு. இரண்டாவது நாக்கை மரக்கச்செய்து ருசியைத் தெரியாமலாக்கும் உபாயம்.

சென்ற ஆண்டு குளிர்காலத்தில் நண்பர்கள் நால்வர் பெங்களூரில் கூடினோம். நீலகிரியின் பீர் இறங்கிப்போன ஊர் என்பதால் அதுவே பொருத்தம். 2010-க்குப் பிறகு அங்கே கடைக்குள்ளேயே காய்ச்சித் தருகிற சிறு ஆலைகள் பெருகியிருக்கின்றன. சிறு தம்ளர்களில் ஆறு வகையை ஒரு பலகையில் வைத்துத் தருகிறார்கள். கூடவே ஒரு ஆப்பிள் சைடர். மார்க் போடுவது என்று ஏற்பாடு. பத்துக்கு எவ்வளவு, ஏன், தமிழில் எழுத வேண்டும். எண் போடுவதில் யாருக்கும் சிரமம் இல்லை. க.நா.சு.வின் பட்டியல்களில் வளர்ந்தவர்கள் நாம். 'ஏன்' என்ற இடத்தில் நால்வர் பேனாவும் நின்றது. செல்லப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். அலசலைக் கேட்டுக்கேட்டுப் பத்திரிகை நடத்தியவர்.

கோதுமை பீருக்கு ஒருவர் 'நன்றாக இருக்கிறது' என்று எழுதி ஏழு போட்டார். அது விமர்சனமா என்று சண்டை. பிறகு ஒரு விதி செய்தோம்: சொந்த வாயில் ஏற்கெனவே இருந்த ஏதாவது ஒன்றின் பெயரைச் சொல்ல வேண்டும். அப்போது கை ஓடியது. கறுத்த பீருக்கு, அடிப்பிடித்த பாயசத்தின் ஓரம்; எட்டு. ஏலுக்கு, முளைகட்டி வறுத்த கேழ்வரகை அரைக்கும்போது எழுகிற மாவு வாசம், ஏழரை. ஹாப்ஸ் மிகுந்த ஒன்றுக்கு நார்த்தை இலையும், கைப்பா கசப்பா என்று ஒரு வாக்குவாதமும், மதிப்பெண் முடிவாகவில்லை. சைடர்தான் எங்களை மீட்டது. துவர்ப்பு என்ற சொல் தயாராக நின்றது. நெல்லிக்காய் கடித்தபின் தண்ணீர் குடித்தது போல் என்று கேத்திப் பக்கத்து நண்பர் எழுதினார். ஒன்பது போட்டார். பீர் கஞ்சி என்ற பெயரை நான் முதலில் கேட்டது அவரிடம்தான். அவருடைய பாட்டி சொன்ன பெயர் அது. பாட்டி காலத்து மேட்டு நிலம் இன்று முழுக்கத் தேயிலை.

ருசிபார்ப்பது உத்தியோகமாகவே இருக்கிற ஊர் குன்னூர் என்பதை அவர்தான் நினைவுபடுத்தினார். 1963 முதல் அங்கே தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். நூறு மில்லி வெந்நீருக்கு இரண்டு கிராம் தூள், ஆறு நிமிஷம் என்பது சர்வதேசக் கணக்கு. ருசிகர் கரண்டியால் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுவார், துப்புவார், ஒரு சொல் உதிர்ப்பார், நகர்வார். அந்தச் சொல் கிலோவின் விலையைத் தீர்மானிக்கும். ப்ரிஸ்க், பாடி, ப்ரைட், மால்ட்டி. எல்லாம் ஆங்கிலம். மால்ட்டி என்பது பார்லி முளையின் வாசம். பார்லி மறைந்துபோன மலையில் அது தேயிலையின் புகழ்ச்சியாகத் திரும்பி வந்திருக்கிறது. இலை கிள்ளுகிற பெண்ணுக்கு அந்தச் சொல் தெரிய அவசியம் இல்லை. அவள் வீட்டில் கொதிப்பது டஸ்ட். 1990-களின் கடைசியில் பச்சை இலை விலை விழுந்தபோது சிறு விவசாயிகள் சாலையில் நின்றார்கள். விலையைச் சொல்கிற நாக்கு எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அது என்ன மொழி பேசுகிறது என்பதும் தெரியும்.

பீரின் விஷயத்தில் அந்த மலையில் இப்போது நடைமுறையில் இருக்கிற மதிப்பீடு ஒன்று உண்டு. காலி பாட்டில்கள் காட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிப்பதாக வழக்கு நடந்து, உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் ஒரு முறை தொடங்கியது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் அதிகம் வாங்கிக்கொள்வார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பி வரும். குடித்தவர்கள் பலர் திருப்புவதில்லை. சாலையோரம் பொறுக்குகிறவர்கள் கோணிப்பையில் கொண்டுவந்து கொடுத்து வாங்கிப்போகிறார்கள். எந்த ரகமானாலும் பத்துதான்.