கோரமண்டல் என்றொரு லேபிள்

பாரிஸில் கேம்பான் தெரு 31ஆம் எண்ணில், உடை வடிவமைப்பாளர் கோகோ ஷனெல் தன் அறைகளின் சுவரை மறைக்க நிறுத்தியிருந்த கறுப்பு மடக்குத் தட்டிகளுக்குக் 'கோரமண்டல்' என்று பெயர். 2007இல் அந்தக் கம்பெனி இதே பெயரில் ஒரு வாசனைத் திரவியமும் விற்க ஆரம்பித்தது. பார்த்தீர்களா, சோழமண்டலம் பாரிஸ் வரைக்கும் போயிருக்கிறது என்று இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் நம்மிடையே உண்டு. போனது பெயர் மட்டும்தான். அந்தத் தட்டிகளில் சோழமண்டலத்து மரம் இல்லை, சோழமண்டலத்துச் சாயம் இல்லை, நம்ம ஊர் ஆசாரி ஒருவரின் கைரேகைகூட இல்லை. அவை சீனத்தில் சீனர்கள் செய்தவை. இந்தப் பெயர் எப்படி ஒட்டியது, ஒட்டியதால் எது மறைந்தது என்பதுதான் என் கேள்வி.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். சீனத்தில் இந்த வேலைக்குக் 'குவான்சாய்' என்று பெயர். மிங் காலக் கடைசியில் ஹுவாங் செங் என்ற அரக்குக் கைவினைஞர் எழுதிய 'சியூஷிலு' என்ற தொழில்நூல் இதைக் குறிப்பிடுகிறது. மரப்பலகை மேல் களிமண் தூளும் பன்றி ரத்தமும் நாரும் கலந்த பூச்சு. அது காய்ந்ததும் மேலே கறுப்பு அரக்கு, திரும்பத் திரும்ப. பிறகு கத்தியால் அரக்கை வெட்டி, கீழே இருக்கும் வெள்ளைப் பூச்சு தெரியும்படி உருவங்களைக் குழித்து, அந்தக் குழிகளில் வண்ணம் நிரப்புவது. கோடுகள் மேலே நிற்கும், வண்ணம் பள்ளத்தில் இருக்கும். வழக்கமாகப் பன்னிரண்டு பலகைகள், ஆள் உயரத்துக்கு மேல். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காங்ஷி பேரரசர் காலத்தில் (1661-1722) இது உச்சத்தில் இருந்தது. பெரிய அதிகாரி ஒருவருக்கு அறுபது, எழுபது வயது நிறைந்தால் கீழே இருப்பவர்களும் உறவினரும் சேர்ந்து கொடுக்கும் பரிசு இது. முன்பக்கம் அரண்மனைக் காட்சி, அல்லது தாங் காலத்துத் தளபதி குவோ ட்சியியின் பிறந்தநாள் விழா. பின்பக்கம் நீண்ட வாழ்த்துரை, தேதி, கொடுத்தவர்கள் பெயர். பிறகுதான் ஏற்றுமதிக்கென்றே செய்யத் தொடங்கினார்கள்.

'அரக்கு' என்று எழுதும்போதே எனக்கு உறுத்துகிறது. நம் அரக்கு பூச்சியிலிருந்து வருவது, சீனத்து அரக்கு ஒரு மரத்தின் பால். இரண்டும் வேறு வேறு. ஐரோப்பிய மொழிகளில் இதற்குள்ள சொல்லே நம் பக்கத்து 'லாக்'கிலிருந்து போனதுதான். பொருள் சீனத்துடையது, சொல் இந்தியாவுடையது. குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சரி, இந்தத் தட்டிகள் நம் கரைக்கு எதற்கு வந்தன? கம்பெனிக் கப்பல்களின் கணக்கு அப்படி. ஆரம்பத்தில் சீன ஜங்குகள் சரக்கை ஜாவாவில் உள்ள பான்டம் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தன. மெட்ராஸிலிருந்து ஏமோய், கான்டன், மணிலா என்று போய்வந்த வியாபாரிகளும் இருந்தார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள், ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர்கள், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள். சீனச் சரக்கு இங்கே இறங்கி, கிட்டங்கியில் காத்திருந்து, ஐரோப்பாவுக்குப் போகும் கப்பலில் ஏறியது. ஆங்கிலேயர்கள் அந்தக் காலத்தில் இதை 'பான்டம் வேலை' என்றார்கள். 1682இல் டச்சுக்காரர்கள் அவர்களைப் பான்டத்திலிருந்து விரட்டிய பிறகும் அந்தப் பெயர் கொஞ்ச காலம் ஓடியது. 'கோரமண்டல்' பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வியாபாரிகள் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஆக இரண்டுமே இடைவழித் துறைமுகங்களின் பெயர்.

நாமும்தான் பெயர் வைத்திருக்கிறோம். சீனி, சீனச்சட்டி, சீனவெடி என்கிறோம். நாம் வைத்த பெயரில் பொருள் எந்த ஊர் என்பது இருக்கிறது. அவர்கள் வைத்ததில் கப்பல் கிளம்பிய ஊர்தான் இருக்கிறது. ஒன்று வாங்கியவனின் ஞாபகம், இன்னொன்று விற்றவனின் பில்.

இதை வெறும் பூகோள அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. 1682இல் ஜான் ஈவ்லின் என்ற ஆங்கிலேயர் தன் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் மாளிகையை நாட்குறிப்பில் வர்ணிக்கிறார். வீடு முழுக்க 'இந்திய' அழகுப் பொருட்கள் என்கிறார். சுவர்ப் பலகைக்குப் பதில் 'ஜப்பான்' தட்டிகள் என்கிறார். அந்தத் தட்டிகளில் தெரிவது சீனர்களின் வாழ்க்கை என்கிறார். மூன்று நாடும் ஒரே மூச்சில். தெரியாமல் எழுதியவர் அல்ல. அவருக்கு அது முக்கியமில்லை, அவ்வளவுதான். கிழக்கு என்பது ஒரு பிராந்தியமாக அல்ல, ஒரு ரசனையாக, ஒரு அறையாக மாறுகிற கணம் இது. 'ஷினுவாஸரி' என்று பிரெஞ்சில் சொல்லப்படும் சீனப் பாணி அலங்காரம் ஐரோப்பிய வீடுகளுக்குள் நுழைந்ததும் இந்த வாசல் வழியாகத்தான். எட்வர்ட் சையத் 1978இல் எழுதிய 'கீழைத்தேயவியல்' அரபு உலகைப் பற்றித்தான் அதிகம் பேசியது; மொழியியல், பயணநூல், நாவல் என்று பிரதிகளைப் பிடித்துக்கொண்டது. நாற்காலி, அலமாரி, சுவர்த்தாள் பற்றி யாரும் அவ்வளவு கவலைப்படவில்லை. அலங்காரத்தை அரசியலற்றதாக நினைக்கும் பழக்கம் நம் இடதுசாரிகளுக்கும் உண்டு.

அறையாக மாற்றுவது என்றால் உண்மையிலேயே அறுப்பதுதான். தட்டிகளை ரம்பத்தால் அறுத்துச் சுவரில் பதித்தார்கள். நெதர்லாந்தின் லேவார்டன் அரண்மனைக்காக 1695க்கு முன் அப்படிச் செய்யப்பட்ட ஒரு முழு அறை இப்போது ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அலமாரிக் கதவுக்கு, மேசைக்கு, கண்ணாடிச் சட்டத்துக்கு எந்த அளவு வேண்டுமோ அந்த அளவுக்கு வெட்டினார்கள். படத்தில் யார் தலை எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. 1688இல் ஸ்டாக்கர், பார்க்கர் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் அரக்குப் பூச்சு வேலை பற்றி ஒரு கைநூல் போட்டார்கள். மனிதர்களும் மரங்களும் தலைகீழாய்க் கலந்து கிடக்கும் இந்த அலமாரிகளை அவர்களே கிண்டல் பண்ணுகிறார்கள். கிண்டலுக்குக் காரணம் சீனர்கள் மேல் அனுதாபம் இல்லை. அதே பாணியை இங்கிலாந்திலேயே செய்ய அவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதற்கு விளம்பரம். சீனத்து மரப்பால் அவ்வளவு தூரக் கடல் பயணத்தைத் தாங்காது, கெட்டுப்போகும். அதனால் போலிச் சீன அரக்குக்கு அவர்கள் கரைத்துப் பூசியது இந்தியாவிலிருந்து போன பூச்சி அரக்கு. லண்டனில் செய்த 'சீன' அலமாரி மேல் இந்தியப் பூச்சு. அதற்கு ஆங்கிலப் பெயர் 'ஜப்பானிங்'.

இப்போது மெட்ராஸுக்கு வருவோம். எலிஹு யேல் 1672இல் இங்கே வந்த கம்பெனிக் குமாஸ்தா. 1687 முதல் 1692 வரை ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். 1680களில் வேல்ஸில் தன் குடும்ப ஊரான ரெக்ஸமுக்குப் பக்கத்து எர்டிக் மாளிகையின் சொந்தக்காரருக்குக் கோட்டையிலிருந்து ஒரு அரக்குத் தட்டி அனுப்பினார். அது இன்னும் அந்த மாளிகையில் இருக்கிறது, நல்ல நிலையில். அதே பத்தாண்டின் கடைசியில் மெட்ராஸ் பக்கம் கடும் பஞ்சம். பஞ்சத்தில் விற்கப்பட்டவர்கள் கப்பலேறினார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல் ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று யேல் உட்கார்ந்திருந்த கவுன்சில் உத்தரவு போட்டது. தட்டியும் மனிதர்களும் ஒரே அலைவாயிலிருந்து, ஒரே மாதிரி மசூலாப் படகில் ஏற்றப்பட்டுக் கப்பலுக்குப் போயிருப்பார்கள். தட்டி யார் யாருக்கு அனுப்பியது என்பதற்குக் கடிதம் இருக்கிறது. 1718இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் கொடுத்த ஒன்பது மூட்டைச் சரக்கு 562 பவுனுக்கு விற்றது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கல்லூரி அவர் பெயரை வைத்துக்கொண்டது.

சோழமண்டலத்தின் கை இந்த வரலாற்றில் எங்கே என்றால், துணியில். பான்டத்தில் மிளகு வாங்கக் கைக்காசு மாதிரி இருந்தது நம் கரைத் துணிதான். தட்டி பாரிஸுக்குப் போக வழி போட்டுக்கொடுத்த வியாபாரம் முழுவதும் நெசவாளர், சாயக்காரர் உழைப்பின் மேல் நின்றது. அந்தத் துணிக்கு என்ன நடந்தது? 1643இல் கம்பெனி இயக்குநர்கள் லண்டனிலிருந்து சூரத்துக்கு எழுதினார்கள்: சிவப்புத் தரை இங்கே போகவில்லை, வெள்ளைத் தரையில் பூ போடச் சொல்லுங்கள் என்று. பிறகு மாதிரிப் படங்களும் வந்தன. சாயவேரும் படிகாரமும் கொண்டு நம்மவர்கள் எழுதிய 'உயிர் மரம்' துணிகளில் சீனப் பாறையும் மூங்கிலும் சீனப் பூவும் இருக்கின்றன. அந்தச் சீனம் கான்டனிலிருந்து நேராக இங்கே வந்ததல்ல, பெரும்பாலும் லண்டன் சுற்றி வந்த சீனம் என்று ஜான் இர்வின் 1955லேயே வாதிட்டார். ஐரோப்பியன் கற்பனை செய்த சீனத்தை, ஐரோப்பியன் 'இந்தியத் துணி' என்று வாங்குவதற்காக, மசூலிப்பட்டினத்துச் சாயக்காரர் வரைந்தார். சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் அவர் கூலி இதை நம்பி இருந்தது.

துணி அதிகம் விற்றதும் தடை. பிரான்ஸில் 1686, இங்கிலாந்தில் 1700, பிறகு 1721. லண்டன் நடிகர் டேவிட் கேரிக்கின் மனைவி தன் படுக்கைக்கு வைத்திருந்த மசூலிப்பட்டினத் துணியைச் சுங்கக்காரர்கள் 1775இல் பறிமுதல் பண்ணினார்கள். கேரிக் அதிகாரிகளுக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதினார். அந்தக் கட்டில் இப்போது லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டிலும் அதே அறைக்கான அலமாரிகளும் சிப்பண்டேல் பட்டறையில் செய்தவை, பச்சையும் வெள்ளையுமாக, சீனப் பாணியில். இங்கிலீஷ் சீனத்தின் மேல் ஆந்திரக் கரையின் துணி. தச்சுப் பட்டறையின் பெயர் தெரியும், கட்டிலில் படுத்தவர் பெயர் தெரியும். இதற்கிடையில் புதுச்சேரியில் 1730களில் பொல்யூ என்ற கடற்படை அதிகாரி சாயமேற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு ஒட்டி பாரிஸுக்குக் கொண்டுபோனார். 1742இல் இயேசு சபைத் துறவி கூர்து, தான் ஞானஸ்நானம் கொடுத்த சாயக்காரர்களிடம் கேட்டு முழு முறையையும் கடிதமாக எழுதினார். தடை 1759இல் நீங்கி, அடுத்த வருஷமே பிரான்ஸில் ஒபெர்காம்ப்பின் அச்சுத் துணிப் பட்டறை எழுந்தது. சொல்லிக்கொடுத்தவர்கள் கிறிஸ்தவர்கள், நம்பினார்கள். துறவியின் பெயர் நூல்களில் இருக்கிறது.

இதன் மறுபக்கமாக ஒன்று சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்தில் மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று இருந்தது. வால்டர் எலியட் 1846இல் போய்ப் பார்த்தார். புதுவெளிக் கோபுரம், பழைய பகோடா, கறுப்புப் பகோடா, சீனப் பகோடா, நில அளவைப் படத்தில் ஜைனப் பகோடா என்று அதற்கு அத்தனை பெயர். பௌத்தத்துக்கு மட்டும் இடமில்லை. 1867இல் அரசு அனுமதியோடு இயேசு சபையினர் அதை இடித்தார்கள். சீனத்தில் செய்ததற்கு அங்கே சோழமண்டலம் என்று பெயர். சோழமண்டலத்தில் நின்றதற்கு இங்கே சீனம் என்று பெயர். சீனத்தின் சுவான்ஜோவில் 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, சிவன் கோயிலோடு. தமிழ் வியாபாரிகள் நேராகப் போய்வந்த ஒரு கடல் இருந்தது. இடையில் ஐரோப்பியக் கிட்டங்கி வந்த பிறகுதான் சீனமும் நாமும் ஒருவருக்கொருவர் லேபிளாக மாறினோம்.

பிரைட்டனில் இளவரசர் ஜார்ஜுக்காக ஜான் நாஷ் 1815 முதல் எழுப்பிய மாளிகை வெளியே இந்தியக் குவிமாடம், உள்ளே சீன டிராகன். பிரிட்டிஷ் பேரரசின் மன அமைப்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் கட்டியதில்லை. அது முடிந்து இருபது வருஷத்தில், 1841 மே மாதம், கான்டனுக்கு வெளியே சான்யுவான்லி கிராமத்தில் 37ஆவது மெட்ராஸ் சிப்பாய்ப் படையின் ஒரு கம்பெனி மழையில் மாட்டிக்கொண்டது. துப்பாக்கி மருந்து நனைந்து வெடிக்கவில்லை. ஈட்டியும் விவசாயக் கருவியுமாக ஆயிரக்கணக்கில் வந்த கிராமத்தார் சுற்றி வளைத்தார்கள். அபினி விற்கும் உரிமைக்காக நடந்த யுத்தம் அது. இன்றும் சீனப் பள்ளிப் பாடத்தில் அந்தக் கிராமத்தார் வீரர்கள். அந்தச் சீனத்து விவசாயி முதன்முதலாகப் பார்த்த சோழமண்டலம் கம்பெனியின் சிவப்புச் சட்டை போட்டிருந்தது.

நான் இருப்பது வேங்கிக்கால். இங்கிருந்து கிரிவலப் பாதைப் பக்கம் போனால் வெளிநாட்டுக்காரர்களுக்கும் சென்னைக்காரர்களுக்கும் கட்டிய வீடுகள் நிறைய. வாசல் கதவைப் படுக்கவைத்து மேலே கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு மேசை ஆக்கியிருப்பார்கள். கஜலட்சுமி இருந்த நிலைப்படி உத்தரத்தை அறுத்துத் தலைமாட்டுப் பலகை. தேக்குத் தூண் பாதியாக வெட்டப்பட்டு விளக்குத் தண்டு. எல்லாம் 'செட்டிநாடு' என்று சொல்லி விற்கப்படுகிறது. ஆரணிப் பக்கத்தில் இடித்த வீட்டுக் கதவும் வண்டியில் ஏறியதும் செட்டிநாடு ஆகிவிடும். கடைக்காரரைக் கேட்டேன், எந்த ஊர் என்று. "அதெல்லாம் யாரு சார் கேக்கறாங்க, செட்டிநாடுன்னாதான் போகுது" என்றார். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸ் வியாபாரியிடம் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் பிரெஞ்சில் கிடைத்திருக்கும். இங்கே அறுக்கிற ரம்பம் நம்முடையது என்பதுதான் வித்தியாசம்.

சுவரில் பதித்த சீனத் தட்டிகளுக்குப் பின்பக்கம் உண்டு என்று முன்னமே சொன்னேன். யாருக்குப் பிறந்தநாள், எந்த ஊர், எந்த வருஷம், பணம் போட்டவர்கள் யார் யார் என்ற எழுத்து அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. முழுசாகத் தப்பிய தட்டிகளில் ஆய்வாளர்கள் அதைப் படித்துத்தான் காலம் கணிக்கிறார்கள். அறைகளாக மாறியவற்றில் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து ஒட்டப்பட்டது. அலமாரிகளுக்குப் போனவற்றில் பலகையைக் குறுக்கே பிளந்து, அரக்குப் படலம் மட்டும் மிஞ்சும் அளவுக்கு இழைத்து மெலிதாக்கினார்கள். எழுத்து இழைப்புளிச் சுருளாகப் பட்டறைத் தரையில் விழுந்தது. அந்த எழுத்திலும், பெரும்பாலும், அரக்கை வெட்டியவரின் பெயர் இல்லை.