ஊர்ப்பெயரில் வாழும் ரோஜாக்கள்

அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கும் சின்னஞ்சிறு பெர்முடாவில் ரோஜா பெரும்பாலும் வீட்டுக்கு வீடு போத்து ஒடித்துக் கொடுத்தே பரவியது. செடி கை மாறியது. பெயர் வழியில் உதிர்ந்துபோனது. 1954இல் தொடங்கிய பெர்முடா ரோஜா சங்கத்தாருக்கு, எந்தப் பட்டியலோடும் உறுதியாகப் பொருத்த முடியாத செடிகள் பல அகப்பட்டன. அவற்றுக்கு அவர்கள் பழம்பெயர் எதையும் ஊகித்து ஒட்டவில்லை. "மர்ம ரோஜாக்கள்" என்று தனியாகப் பிரித்து, கிடைத்த இடத்தின் பெயரையோ வளர்த்தவரின் பெயரையோ சூட்டினார்கள்: "ஸ்மித்ஸ் பாரிஷ்", "எம்மி கிரே", "டிரினிட்டி". பழைய ரோஜாக்களைத் தேடுவோர் இத்தகைய பெயர்களை இரட்டை மேற்கோளுக்குள் எழுதுவது வழக்கம். பதிவான ரகப்பெயருக்கு ஒற்றை மேற்கோள். பார்க்க ஏதோ இயலாமையின் அடையாளம்போல இருக்கும் இந்த வழக்கம்தான், ரோஜாவை அடையாளம் காண்பதில் மனிதர் கண்ட மிகக் கறாரான முறை என்பேன்.

பழைய பட்டியலைப் புரட்டிப் பெயரைக் கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு நாற்றுப்பண்ணைகள் ஆயிரக்கணக்கில் ரகங்களை வெளியிட்டன; பலவற்றுக்கு எஞ்சியிருக்கும் வருணனை, பூ பெரிது, இதழ் அடர்த்தி, நிறம் இளஞ்சிவப்பு என்ற ஒற்றை வரிதான். அதற்குள் நூறு செடிகள் அடங்கும். பூவோ வெயிலுக்கும் பருவத்துக்கும் ஏற்ப நிறம் மாறுகிறது. இலையடிச் செதிலின் ஓரம், முள்ளின் வளைவு, சூல்தண்டுகள் ஒட்டியிருக்கின்றனவா பிரிந்திருக்கின்றனவா என்பவை அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை. ஆனால் விற்பனைப் பட்டியல் எழுதியவர் அவற்றையெல்லாம் எங்கே கவனித்தார்? செடியின் தோற்றத்தைக் கொண்டு வயதை ஊகிப்பதும் ஆபத்தானது. டெக்சஸில் பழைய ரோஜா தேடிகள் கண்டெடுத்து "கேட்டி ரோடு பிங்க்" என்று அழைத்த செடி, கிரிஃபித் பக் அயோவாவில் உருவாக்கி 1977இல் வெளிவந்த 'கேர்ஃப்ரீ பியூட்டி' என்று பின்னால் தெரிந்தது. சாலையின் பெயரைச் சூட்டியிருந்ததால் திருத்துவது சுலபமாயிற்று. யாராவது அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயரைச் சூட்டியிருந்தால், இல்லாத ஒரு பழம்பெருமையைச் சுமந்துகொண்டு அது எத்தனை தோட்டங்களுக்குப் போயிருக்குமோ!

இந்த ஊர்ப்பெயர்களால் ஒரே செடி இரண்டு பெயரில் விலைபோகிறது என்பது வியாபாரிகளின் குறை. நியாயமான குறைதான். ஆனால் ஒரு செடிக்கு இரண்டு பெயர் இருந்தால் நாளைக்கு ஒன்றாக்கிவிடலாம். இரண்டு செடிகள் ஒரே பெயருக்குள் கலந்துவிட்டால் அசல் காணாமலே போகும். இங்கிலாந்தில் கத்தூரி ரோஜாவுக்கு அதுதான் நேர்ந்தது. கோடையின் தொடக்கத்தில் பூக்கும் இமயமலை ரோஜாவான ரோசா புருனோனி அந்தப் பெயரில் வளர்ந்துகொண்டிருந்தது. கோடை முடியும்போது பூக்கும் அசல் ரோசா மொஸ்காட்டாவை ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிட்டார்கள். ரோஜா வல்லுநர் கிரஹாம் ஸ்டூவர்ட் தாமஸ் 1963இல், மறைந்த தோட்டக்கலைஞர் பௌல்ஸின் மிடில்டன் ஹவுஸ் தோட்டத்தில் அதைக் கண்டுபிடித்தார். அங்கே போகத் தூண்டியது, பௌல்ஸ் 1914இல் எழுதிய நூலில் அந்தச் செடியைப் பற்றி வைத்திருந்த குறிப்பு. தாமஸ் போனது ஆகஸ்டு மாதக் கடைசியில். பழைய மூலிகை நூல்கள் சொன்ன பருவமும் கண்முன் நின்ற பூவும் ஒத்துப்போயின. ஏடும் செடியும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்ன பிறகே பெயர் வந்தது.

இனி மரபணுச் சோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பார்கள். 2000ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் நான்கு பழைய டமாஸ்க் ரகங்களைச் சோதித்தார்கள். ரோசா காலிகா, மொஸ்காட்டா, ஃபெட்சென்கோவானா என மூன்று இனங்கள் கலந்து டமாஸ்க் பிறந்தது என்ற அருமையான முடிவு கிடைத்தது. அதே ஆய்வில் அந்த நான்கு ரகங்களுக்குள் எந்த வேறுபாடும் தென்படவில்லை. வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்து பூக்கும் 'யார்க் அண்ட் லங்காஸ்டர்', இலையுதிர்காலத்தில் மறுபடி பூக்கும் 'கத்ர் செசோன்' இரண்டும் அவற்றில் அடக்கம். தோட்டக்காரர் கண்ணால் பிரித்துவிடுவார். அந்தச் சோதனையால் முடியவில்லை. ஒரே செடியின் கிளை திடீரென்று மாறிப் பூத்து, அதைப் போத்து வைத்துப் பெருக்கிய ரகங்களில் இப்படித்தான் நேரும். தவிர, எந்தச் சோதனைக்கும் ஒப்பிட ஒரு செடி வேண்டும். 1903இல் தொடங்கிய ஜெர்மனியின் சாங்கர்ஹௌசன் ரோஜாத் தோட்டத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்கள் உண்டு. அங்கிருக்கும் ஒரு செடியோடு பெர்முடாச் செடி ஒத்துப்போனால், இரண்டும் ஒன்று என்பது மட்டுமே நிச்சயம். அங்கே அந்தச் செடிக்குப் பெயர்ப்பலகை வைத்தவர் சரியாக வைத்தாரா என்பதற்குத் திரும்பவும் ஏடுகளிடம்தான் போகவேண்டும்.