சென்னைச் சித்திரவதை விசாரணை ஆணையம் (1854–1855)

சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலின்போது ரயத்துகள் (பயிர்செய்யும் குடிகள்) துன்புறுத்தப்பட்டதை விசாரிக்க, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசு 1854 செப்டம்பரில் அமைத்த மூவர் குழு. எட்வர்டு எலியட், ஹட்ல்ஸ்டன் ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகியோர் உறுப்பினர்கள். குழு 1855 ஏப்ரலில் அறிக்கை அளித்தது. நில நிர்வாகத்தை யார் விசாரிப்பது, எதுவரை விசாரிப்பது என்று லண்டனுக்கும் சென்னைக்கும் இடையே அரை நூற்றாண்டு நீடித்த பிணக்கில் இது முக்கியமான கட்டம். மயிலாப்பூரின் எட்வர்டு எலியட் சாலையும் (இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை) பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையும் இந்த எலியட்டின் பெயரைத் தாங்கியவை.

பின்னணி

சென்னையின் நிலவரி முறை சென்னையில் மட்டும் முடிவானதில்லை. வங்காளத்தின் ஜமீன்தாரி முறையை 1802 முதல் இங்கும் புகுத்தக் கல்கத்தா நெருக்கியது. சென்னை வருவாய் வாரியம் கிராமக் குத்தகையை விரும்பியது. ஒவ்வொரு ரயத்திடமும் அரசே நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறைக்காக வாதாடிய தாமஸ் மன்றோவின் பக்கம் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் சாய்ந்தனர்.

1814இல் மன்றோவும் ஜார்ஜ் ஸ்ட்ராட்டனும் லண்டன் நியமித்த நீதிச் சீர்திருத்த ஆணையர்களாகச் செயல்படத் தொடங்கினர். கவர்னர் ஹியூ எலியட்டின் அரசு அவர்களுடைய யோசனைகளை இழுத்தடித்தது. இயக்குநர்கள் கண்டிப்பாக உத்தரவிட்ட பிறகே 1816இல் அவை சட்டங்களாயின. அவற்றின்படி மாஜிஸ்திரேட் அதிகாரமும் போலீஸ் பொறுப்பும் கலெக்டர் கைக்கு வந்தன. அவருக்குக் கீழே தாசில்தார் கைக்கு வந்தன. கிஸ்தி வசூலிப்பவரே ஆளைப் பிடித்து அடைக்கவும் வல்லவர் ஆனார். பின்னாளில் அம்பலமான கொடுமைகளுக்கு இந்த ஏற்பாடு இடம் கொடுத்தது. அதை ஆராய வந்த எட்வர்டு எலியட், ஹியூ எலியட்டின் மகன்.

மனுவும் நாடாளுமன்றமும்

1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று தொடங்கிய சென்னைவாசிகள் சங்கம், அதே ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. தீர்வையின் கடுமையும் வசூலில் நடக்கும் வதையும் அதன் முக்கியக் குறைகள். சங்கத்தின் அழைப்பில் வந்த நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர், செட்டியுடன் மாவட்டங்களைச் சுற்றி ரயத்துகளின் நிலையை நேரில் கண்டார்.

1854 ஜூலையில் ஜான் பிளாக்கெட் காமன்ஸ் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சென்னை மாகாணத்தின் நில உரிமை முறையை விசாரிக்க இங்கிலாந்திலிருந்து ஆணையம் அனுப்ப வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அரசுத் தரப்பு எதிர்த்ததால் தீர்மானம் தோற்றது. ஆனால் விவாதத்தில் எழுந்த சித்திரவதைக் குற்றச்சாட்டை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. விசாரிக்கும்படி லண்டன் உத்தரவிட, கவர்னர் ஹாரிஸ் பிரபுவின் அரசு தானே ஒரு ஆணையத்தை அமைத்தது. நிலவரி முறையை வெளியார் ஆராய வேண்டும் என்ற கோரிக்கை, வரி வசூலில் நடக்கும் அத்துமீறலைச் சென்னை அரசின் நியமனக்காரர்கள் ஆராய்வதாகச் சுருங்கியது. தீர்வை நியாயமானதா என்ற அடிப்படைக் கேள்வி விசாரணைக்கு வெளியே நின்றுவிட்டது.

விசாரணை

முறையீடுகளைக் கேட்டு ஆணையம் அறிவிப்புகள் வெளியிட்டது. மூன்று மாதத்தில் 1,959 முறையீடுகள் குவிந்தன. அவற்றில் 1,440 கடிதங்கள். 519 பேர் சென்னைக்கு நேரில் வந்து முறையிட்டார்கள். ரயில் இல்லாத காலத்தில், பயிரையும் பிழைப்பையும் விட்டு, தாசில்தாரின் பகையையும் ஏற்று அவர்கள் வந்து நின்றதே குற்றச்சாட்டின் கனத்தைச் சொல்லும்.

அறிக்கையில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டு. ஒன்று கிட்டி: ஒரு முனையில் கட்டிய இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. மற்றொன்று அண்ணாந்தாள்: ஆளைக் குனியவைத்து, அவருடைய துணியையோ கயிற்றையோ கழுத்தின் மேலாகவும் கால்விரல்களின் கீழாகவும் கொடுத்து நிமிர முடியாதபடி கட்டிவிடுவது. கொளுத்தும் வெயிலில் நிறுத்துவதும் சாப்பிட விடாமல் தடுப்பதும் சாதாரணமாக நடந்தன. போலீஸ் விசாரணையில் வாக்குமூலம் வாங்கச் செய்யும் வதையும் ஆய்வில் சேர்க்கப்பட்டது.

முடிவுகள்

வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் சித்திரவதை நடப்பது உண்மை என்று ஆணையம் முடிவு செய்தது. கீழ்நிலை இந்திய ஊழியர்களே பொறுப்பு என்றும், ஐரோப்பிய அதிகாரிகள் அதற்கு உடந்தையில்லை என்றும் கூறியது. ஆனால் அறிக்கையே இன்னொன்றையும் காட்டியது: ஏழை ரயத்தின் குரல் கலெக்டரை எட்டுவது அரிது, எட்டினாலும் மனு விசாரணைக்காகத் தாசில்தாரிடமே திரும்பிவரும். வரி வசூலையும் போலீஸையும் பிரிக்க வேண்டும் என்பது ஆணையத்தின் முக்கியப் பரிந்துரை.

சென்னைவாசிகள் சங்கம் இதில் நிறைவு கொள்ளவில்லை. 1856 ஜனவரியில் மீண்டும் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. ஆணையம் சென்னை நகரை விட்டு நகரவில்லை, மூன்றே மாதம் அமர்ந்தது, பெரும்பாலான ரயத்துகளால் ஊரை விட்டு வர முடியவில்லை, கேட்டின் மூலத்தை ஆணையம் தேடவில்லை என்பவை அதன் வாதங்கள். 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் இதழில் கார்ல் மார்க்ஸ் எழுதிய கட்டுரை, ஆணைய அறிக்கையையும் இந்த மனுவையும் உலக வாசகர் முன் வைத்தது.

விளைவுகள்

1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னைக்குத் தனிப் போலீஸ் துறையை உருவாக்கியது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவர். 1861ஆம் ஆண்டின் இந்தியப் போலீஸ் சட்டத்துக்கு இது முன்னோடி. மாகாணம் முழுவதும் நிலத்தை முறையாக அளந்து தீர்வையைத் திருத்தும் திட்டத்தை 1855இல் ஹாரிஸ் அரசு முன்வைத்தது. 1858இல் அதற்கான துறை பணியைத் தொடங்கியது. வருவாய் வாரியம் பின்னர் சேப்பாக்கம் அரண்மனையில் அமர்ந்து, 1980இல் கலைக்கப்படும்வரை மாகாண, மாநில நில நிர்வாகத்தை நடத்தியது. வாரியத்தின் வழிவந்த நில நிர்வாக அலுவலகங்கள் இன்றும் அவ்வளாகத்தின் எழிலகத்தில் இயங்குகின்றன.

மதிப்பீடு

அரசே அமைத்த குழு அரசின் வசூல்முறையில் நடந்த கொடுமையை அச்சில் ஒப்புக்கொண்டது சிறிய காரியமல்ல. அதற்கு வழி திறந்தவர்கள் மனு எழுதிய சென்னைவாசிகளும் நடந்து வந்த ரயத்துகளும். ஆயினும் அடித்து வசூலித்தது யார் என்று கேட்ட ஆணையம், அடித்தாலன்றி வசூலாகாத அளவுக்குத் தீர்வை ஏன் உயர்ந்தது என்று கேட்க அதிகாரம் பெறவில்லை. விசாரணையின் வரம்பை வகுப்பவரே அதன் முடிவிலும் பாதியை வகுத்துவிடுகிறார் என்பதற்குச் சென்னை வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று அரிது.