காற்றுப்பை விளக்கு அணையவில்லையா? கவனம் தேவை

கார் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் காற்றுப்பை விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டாலும், அறவே எரியாவிட்டாலும் பழுது இருக்கிறது. விபத்தின்போது பை விரியாமல் போகலாம். பழைய கார் வாங்குவோர் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

பட்டறையில் ஸ்கேனர் வைத்துப் பழுதுக் குறியீட்டைப் படிப்பார்கள். இருக்கைக்கு அடியிலுள்ள மஞ்சள் நிற சாக்கெட் தளர்வதும், ஸ்டீயரிங்கினுள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் அறுவதும் வழக்கமான காரணங்கள். கிளாக் ஸ்பிரிங் அறுந்தால் ஹார்னும் ஒலிக்காமல் போகலாம்.

காற்றுப்பையில் நேரடியாக மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கக் கூடாது. சிறிய மின்னோட்டமே அதை வெடிக்கச் செய்யலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கார்க் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே சாக்கெட்டுகளைத் தொட வேண்டும்.

விளக்கு அணைந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் சொல்லிவிட முடியாது. திரும்பப் பெறப்படும் தக்காத்தா காற்றுப்பைகளில் உள்ள அமோனியம் நைட்ரேட், நம் நாட்டைப் போன்ற வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்து கெடுகிறது. அப்படிக் கெட்ட பை விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறி உயிரையே பறிக்கலாம். இக்குறையை விளக்கும் காட்டாது, ஸ்கேனரும் காட்டாது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து கார் நிறுவனத்திடம் கேட்டால் தெரிந்துவிடும். பட்டியலில் இருந்தால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.