பொதுப்பார்வைக்குரிய இடம்: நெடுஞ்சாலை விளம்பரப் பலகைகளும் மைசூரும்

காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைப் பட்டினப்பாலை விரித்துரைக்குங்கால், கள் விற்கும் மனையின் கொடியையும் அறிஞர் வாதுக்கு அழைத்த கொடியையும் ஒருங்கே சுட்டுகிறது. அக்கொடி நின்ற இடத்திலேயே கள்ளும் கிடைத்தது, வாதும் நடந்தது. நெடுஞ்சாலை விளம்பரப் பலகைக்கு அத்தகைய இடத்தொடர்பு இல்லை. வழிச்செல்வோரின் பார்வையே அதன் முதல்.

இவ்வியல்பைக் கருநாடகச் சட்டம் நன்குணர்ந்திருந்தது. 1981ஆம் ஆண்டுத் திறந்தவெளி உருக்கேட்டுத் தடுப்புச் சட்டம், மைசூர், பெங்களூர், ஹூப்ளி-தார்வார், மங்களூர், பெல்காம் ஆகிய ஐந்து மாநகரங்களில் அவ்வாண்டு மே 5 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. 1959ஆம் ஆண்டுச் சென்னை மாநிலச் சட்டத்தின் சாயல் இதில் தெளிவு. 'பொதுப்பார்வைக்குரிய இடம்' என்பதில் பொதுவழியில் செல்வோர் கண்ணுக்குத் தெரியும் தனியார் கட்டடம், சுவர், வேலி, சிலை, மரம் யாவும் அடங்கும். உள்ளாட்சியின் எழுத்துவழி அனுமதியின்றி அங்கு விளம்பரம் வைப்போர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நிலம் எவருடையது என்பதன்று, எவர் கண்ணில் படுகிறது என்பதே இங்கு அளவுகோல். அமெரிக்காவின் 1965ஆம் ஆண்டு நெடுஞ்சாலை அழகூட்டுச் சட்டமும் சாலை எல்லைக்கு அப்பால் 660 அடி வரை தனியார் நிலத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. தமிழ்நாட்டு விளம்பர நிறுவனங்கள் தொடுத்த நோவா ஆட்ஸ் வழக்கில், தனியார் இடத்துப் பலகைக்கும் உரிமம் வேண்டும் என்பதை 2008இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஓட்டுநரின் கவனம் சிதறுவது அங்குக் காட்டப்பெற்ற காரணங்களுள் ஒன்று. 'உருக்கேடு' என்னும் அழகியற் சொல்லில் தொடங்கிய சட்டச் சிந்தனை உயிர்க்காப்பை நோக்கி நகர்ந்தமை இதனால் புலனாகும்.

எனினும், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரு நெகிழ்வுகள் உள. அனுமதி தருவது உள்ளாட்சி. 1976ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டப்படி விளம்பர வரி தண்டியதும் அதுவே. பலகை குறைந்தால் வருவாயும் குறையும். 2017இல் சரக்கு, சேவை வரி வரும்வரை இந்நிலை நீடித்தது.

மற்றொன்று இதனினும் பெரிது. மைசூரும் பெங்களூரும் ஐந்து நகரப் பட்டியலில் இருந்தன. இரண்டையும் இணைக்கும் சாலையிலுள்ள மண்டியா, மத்தூர், சன்னபட்டணம் ஆகியன இல்லை. பிற ஊர்களுக்கு அரசு பின்னர் நாள் குறிக்கும் என்று விடப்பட்டது. சாலைச் சந்திப்புகளின் அருகே விளம்பரம் தவிர்க்கும் 1972ஆம் ஆண்டு இந்தியச் சாலைப் பேராய நெறிமுறையோ அறிவுரை அளவினதே. உயர்நீதிமன்றக் கண்டிப்பை அடுத்து 2018 ஆகஸ்டில் பெங்களூர் மாநகராட்சி விதித்த விளம்பரத் தடையும் அம்மாநகர எல்லையைக் கடந்து மைசூர்ச் சாலையில் செல்லவில்லை.