கடைமடையும் நீர்காப்பும்: காரைக்கால் நாட்டு வரலாற்றில் ஓர் ஆய்வு

காவிரி பாயும் நாட்டில் வறட்சி உண்டோ என வினவுவார் உளர். தலைமடையில் நின்று நோக்குவார்க்கு இவ்வினா இயல்பே. கடைமடையில் வாழ்வார்க்கோ, ஆற்றுநீர் வருமோ வாராதோ என்னும் ஐயம் ஆண்டுதோறும் உண்டு. அக்கடைமடை நிலத்துள் காரைக்கால் தனி நிலை உடையது. அதன் வயல்களுக்கு வரும் ஆற்றுநீர் முழுவதும் பிறிதோர் ஆட்சிக்கு உட்பட்ட நிலத்தைக் கடந்தே வருகின்றது. இந்நிலையில் அந்நாட்டு மக்கள் நீரைக் காத்த முறைகள் எவை, அவை எவ்வாறு தளர்ந்தன, இன்று அவற்றால் பயன் உண்டோ என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் நிலமும்

காரைக்கால் என்னும் பெயரிலேயே நீர் உளது. 'காரை' என்பது ஒரு செடியின் பெயர் என்பாரும், சுண்ணச் சாந்து என்பாரும் உளர். 'கால்' என்பது நீரோடும் வழியைக் குறித்தல் வாய்க்கால், கால்வாய் என்னும் சொற்களால் விளங்கும். நண்டலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, அரசலாறு, திருமலைராயனாறு என்பன இந்நிலத்தைக் கடந்து கடலை நோக்கிச் செல்லும் ஆறுகள். இவற்றுள் அரசலாறு பண்டு அரிசிலாறு எனப்பட்டது. காவிரியினின்று பிரிந்து, கும்பகோணம் வழியாக வந்து, காரைக்காலில் கடலொடு கலக்கின்றது. பெயர்கள் பலவாயினும் இவற்றிற்கு நீர் தரும் தாய் ஒன்றே. தாயிடம் நீர் குன்றின் கிளைகள் அனைத்தும் ஒருங்கே வறளும். ஆறு பலவாதல் காப்பாகாமைக்குக் காரணம் இதுவே.

பழைய ஏற்பாடுகள்

நீரைத் தேக்குதல் அரசின் கடமை என்னும் கருத்து தமிழர்க்குப் புதிதன்று. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்திய புறநானூற்றுப் பதினெட்டாம் பாடல் இதற்குச் சான்று. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் வதியும் வாய்க்காலும் கண்ணாறும் கூறியே நிலத்தின் எல்லை உணர்த்தப்படுகின்றது. நீர்வழி கெடின் நில உரிமையின் எல்லையும் மயங்கும் என்னும் அளவிற்கு நீரும் நிலமும் அன்று பிணைந்திருந்தன.

வடிநிலத்தில் பெரிய ஏரிகள் அரிய. ஆற்றுப் பாசனமே முதன்மை. ஆதலின் ஈண்டுச் சேமிப்பு, ஊர்க்குளம், கோயிற்குளம், வீட்டுக் கேணி எனச் சிறு சிறு நிலைகளாகப் பரந்து கிடந்தது. திருநள்ளாற்று நள தீர்த்தமும், காரைக்கால் அம்மையார் கோயிலைச் சார்ந்த சந்திர தீர்த்தமும் வழிபாட்டிற்கு உரியன என்றே பெரிதும் அறியப்படுகின்றன. எனினும் நிரம்பிய குளம் தன்னைச் சூழ்ந்த கேணிகளுக்கு ஊற்று அளிப்பது என்பதை மறத்தலாகாது. வீட்டில் கலங்கழுவிய நீர் கொல்லையிலுள்ள வாழைக்குச் சென்றதும் இக்காப்பு முறையின் ஒரு கூறே.

இவற்றைப் பேணியது குடிமராமத்து. கோடையில் ஊரார் கூடி வாய்க்காலைத் தூர்வாரினர். சென்னை மாகாணத்தில் இவ்வழக்கம் தளர்ந்தபொழுது, அதனைச் சட்டத்தால் நிலைநிறுத்த 1858-இல் முதற் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கம் தானே நிலைபெற்றிருந்தால் சட்டம் வேண்டப்பட்டிராது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

எல்லைக்கு அப்பாலிருந்து வந்த நீர்

1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். பின்னர்ப் பலமுறை கைமாறி, 1817-இல் மீண்டும் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டது. 1954 நவம்பர் 1-இல் இந்திய அரசின் ஆட்சிக்கு மாறியது; 1962 ஆகத்து 16-இல் இம்மாற்றம் சட்டமுறையில் முழுமை பெற்றது. இக்காலம் முழுவதும் நிலம் ஒருவர்பால் இருக்க, அதற்கு நீர் விடும் தலைமதகுகள் பெரும்பாலும் பிறர்பால் இருந்தன.

1924-இல் சென்னையும் மைசூரும் காவிரி ஒப்பந்தம் செய்துகொண்டன. 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. ஆண்டுதோறும் சூன் 12-இல் நீர் திறக்கப்படும் என்னும் உறுதி உழவர்க்குப் பெரு நன்மையாயிற்று. அவ்வுறுதியே ஊர்க்குளத்தின்பால் இருந்த கருத்தைக் குறைத்தது எனக் கருத இடமுண்டு. நாள் தவறாது ஆற்றுநீர் வரும்பொழுது, குளத்தைத் தூர்வாருதல் வீண் உழைப்பாகவே தோன்றும்.

அவ்வுறுதி பிற்காலத்தில் நிலைக்கவில்லை. 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் தொடர்ந்து அக்குறித்த நாளில் அணை திறக்கப்படவில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. காவிரி நடுவர் மன்றம் 1991-ஆம் ஆண்டு இடைக்கால ஆணையில் தமிழ்நாடு காரைக்காலுக்கு 6 டி.எம்.சி. அளித்தல் வேண்டும் எனப் பணித்திருந்தது. 2007-ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. வகுத்தது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அவ்வளவை மாற்றவில்லை. உரிமை எழுத்தில் நிலைபெற்றது உண்மை. எழுத்திலுள்ள நீர் உரிய நாளில் வயலை அடைதல் வேறு செய்தி.

குளத்தின் அளவும் எல்லையும்

குளங்களைச் சீர்செய்தால் ஆறு வேண்டா என்பார் கூற்றுப் பொருந்தாது. ஓர் ஏக்கர் பரப்பும் ஆறடி ஆழமும் உடைய குளம், கரை செங்குத்தாயின், ஏறத்தாழ 2,61,000 கன அடி நீர் கொள்ளும். ஓர் ஏக்கர் வயலில் இரண்டங்குல நீர் நிறுத்த 7,260 கன அடி வேண்டும். எனவே அக்குளம் 36 ஏக்கருக்கு ஒருமுறை நீர் தரும். ஆவியாதலாலும் கசிவாலும் பாதி கழியினும் 18 ஏக்கருக்கு ஆகும். இது முழுப் போகத்திற்குப் போதாது. ஆயின், கதிர் வெளிவரும் பருவத்தில் ஒரு நனைப்பு வாய்த்தால் பிழைக்கும் பயிர்க்கு இதுவே உயிர். குளம் ஆற்றுக்கு மாற்றன்று; ஆறு தாழ்க்கும் நாட்களைக் கடப்பதற்குரிய துணை. கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்றால் மிகுதியாக நீர் இறைப்பின் உவர்நீர் உட்புகும். ஆதலின் இத்துணையின் இன்றியமையாமை பெரிது.

வயலிலும் நீர்காக்கும் வழிகள் உள. வரப்பிற்கு அண்டை அணைத்தல், பரம்படித்து நிலத்தைச் சமனாக்கல், ஆற்றுநீருக்குக் காத்திராது புழுதியில் விதைத்தல் என்பன பழையன. சம்பா அறுவடைக்கு முன் ஈரம் புலராத வயலில் உளுந்தும் பயறும் தெளித்து, எஞ்சிய ஈரத்தாலும் பனியாலும் விளைவித்தல் வடிநிலத்தார் கண்ட நுட்பம். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் வகுத்த காய்ச்சலும் பாய்ச்சலுமான முறை இவற்றொடு ஒத்துச் செல்வது. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் நிலத்திற்குக் கீழ் 15 செ.மீ. இறங்கியபின் மீளப் பாய்ச்சுவதே அம்முறை.

முடிபு

2019-இல் காரைக்கால் மாவட்டத்தில் 'நம் நீர்' என்னும் திட்டத்தின்கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட குளங்கள் தூர்வாரப்பட்டன. வறட்சி கற்பித்த பாடம் இது. ஆயினும் ஒருமுறை தூர்வாருதல் மராமத்து ஆகுமேயன்றிக் குடிமராமத்து ஆகாது. ஆண்டுதோறும் செய்வார் எவர், செய்யாதவரை வினவுவார் எவர் என்னும் இரண்டிற்கும் பழைய ஊரமைப்பில் விடை இருந்தது. இன்று அவ்விடையைப் புதிதாக அமைத்தல் வேண்டும். அதற்கு முதற்படியாகக் காரைக்கால் சிற்றூர்களின் குளம், வாய்க்கால், மதகு ஆகியவற்றின் பெயர்களை ஊர்முதியோர் வாய்மொழியினின்றும், பிரெஞ்சு ஆட்சிக்கால ஆவணங்களினின்றும் தொகுத்தல் முதுகலை மாணவர்க்கு ஏற்ற பணியாகும். பெயர் மறைந்த குளம் மனையாதல் எளிது; பெயர் நின்றால் அதனை மீட்பதற்கு வழக்கேனும் எஞ்சும்.