வானதியோட கோயில்

'பொன்னியின் செல்வ'னை மூன்றாவது தடவை முடித்த கையோடு, தங்கச்சியை பைக்கில் ஏற்றிக்கொண்டு கொடும்பாளூர் போனேன். புதுக்கோட்டைக்காரனுக்கு அந்த நாவல்மேல் ஒரு தனி உரிமை உண்டு. தஞ்சாவூர்க்காரர்கள் ரொம்பப் பேசினால் நாங்கள் வானதியை இறக்குவோம். நம்ம மாவட்டத்துப் பொண்ணு!

விராலிமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது மூவர் கோயில். பெயர்தான் மூவர், நிற்பது இரண்டு விமானங்கள். மூன்றாவதில் அடித்தளம் மட்டும் மிச்சம். தங்கச்சி அதைக் காட்டி, "இது யாரோடதுண்ணே?" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. "வானதியோடது" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு அதை ஒரு சுற்று சுற்றி வந்தாள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து இருக்குவேளிர் வரலாற்றைப் படித்தபோதுதான் உறைத்தது. நடுவிமானத்தில் கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தன் இரண்டு மனைவியர் பெயரிலும் மூன்று விமானங்கள் எடுத்ததாக அது சொல்கிறது. மனைவியர் கற்றளி, வரகுணை. (கல்லால் கட்டிய கோயிலுக்கே கற்றளி என்றுதான் பெயர். ஒரு பெண்ணுக்கு இதைவிடக் கெட்டியான பெயர் வைக்க முடியுமா!) ஐம்பது காளாமுகத் துறவிகளுக்குச் சோறு போட ஏற்பாடு செய்த விவரம்கூட அந்தக் கல்லில் இருக்கிறது. வானதி இல்லை.

1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை அது. கல்கி காற்றில் கோட்டை கட்டவில்லை. கொடும்பாளூர்ச் சிறியவேளான் ஈழத்துப் போரில் இறந்தது கல்வெட்டில் உள்ள செய்தி. அவருடைய மகள்தான் கல்கியின் கற்பனை. ராஜேந்திரனைப் பெற்றவர் வானவன்மாதேவி என்பது வரலாறு. அவருக்குக் கொடும்பாளூரில் ஒரு பிறந்த வீட்டைக் கட்டிக்கொடுத்தவர் கல்கி. பூதி விக்கிரமகேசரியின் காலத்திலேயே அறிஞர்களுக்குள் தகராறு உண்டு. முதலாம் ஆதித்தன் காலம் என்பார் சிலர், சுந்தரசோழன் காலம் என்பார் சிலர். நாவலுக்கு இரண்டாவதுதான் தோது.

இந்த ஊரில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. 1922இல் புதுக்கோட்டைப் பெருங்களூரில் பிறந்த அகிலனும் 'வேங்கையின் மைந்தன்' எழுதியபோது கதாநாயகனைக் கொடும்பாளூரிலிருந்துதான் எடுத்தார். அந்த நாவலுக்கு 1963இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அதற்கெல்லாம் எவ்வளவோ முன்னால், கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழியிலேயே சிலப்பதிகாரம் இந்த ஊரைச் சொல்லிவிட்டது.

தங்கச்சி பிளஸ் ஒன். இங்கிலீஷ் ஃபேன்டஸிதான் அவள் உலகம். 'பறக்கிற டிராகனெல்லாம் ஒரு வாசிப்பா' என்று கிண்டல் செய்துகொண்டிருந்தவன் நான். கொடும்பாளூர் போய்வந்த வாரம் அவள் உர்சுலா லெ குவினின் 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' என்ற புத்தகத்தைக் கையில் திணித்தாள். 1971இல் வந்தது, சின்னப் புத்தகம். டெனார் என்று ஒரு சிறுமி. அவளைக் கல்லறைக் கோயிலுக்குப் பூசாரியாகத் தூக்கிக்கொண்டு போய், முதல் வேலையாக அவள் பெயரைப் பிடுங்கிவிடுகிறார்கள். அங்கே அவளை 'விழுங்கப்பட்டவள்' என்று பொருள்படும் பெயரால்தான் அழைக்கிறார்கள். பல வருடம் கழித்து ஒரு மந்திரவாதி வருகிறான். அவன் அவளுக்குத் திருப்பிக் கொடுப்பது அந்தப் பழைய பெயரை.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். லெ குவின் எந்தத் தீவையும் பூகோளத்தில் இருப்பதாகச் சொல்லி ஏமாற்றவில்லை. கல்கியும் தான் எழுதுவது நாவல் என்றுதான் சொன்னார். நடுவில் நான்தான், ஒரு கற்பனைப் பெண்ணுக்கு இடம் பிடித்துக் கொடுக்கப்போய், கல்லில் பெயர் உள்ள இரண்டு பெண்களைத் தள்ளிவிட்டேன். அதையும் என்னை நம்பிச் செருப்பைக் கழற்றியவளிடம்.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "அப்ப நான் யாரைச் சுத்தி வந்தேன்?"

"கற்றளியை. இல்லேன்னா வரகுணையை."

ரெண்டு பெயரையும் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். ஸ்டேட்டஸை அழிக்கலாம் என்று போனை எடுத்தால், அது எப்போதோ போய்விட்டிருந்தது. ஆனால் அவள் கிளாஸில் ஒருத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, 'வானதி கோயில்' என்று எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாளாம்.